ஸ்கீமா படம் வரைய மூன்று கருவிகள்: எது யாருக்கு?

டேட்டாபேஸின் ஸ்கீமாவை, அதாவது டேபிள்களும் அவற்றின் உறவுகளும் அடங்கிய அமைப்பைக் கையால் வரைந்து வைத்தால், அடுத்த மைக்ரேஷன் (அந்த அமைப்பில் செய்யும் மாற்றம்) வரைக்கும்தான் அது செல்லும். அதனால் கமாண்ட் லைனில் ஓட்டினால் டேட்டாபேஸிடமே கேட்டு வரைந்து தரும் கருவிகளை மட்டும் பார்ப்போம்: ஈஆர்ஆல்கெமி, ஸ்கீமாஸ்பை, டிபிஎல்எஸ்.

சட்டென்று ஒரு படம் போதும் என்றால் ஈஆர்ஆல்கெமி. பைத்தானில் எழுதப்பட்டது. டேட்டாபேஸ் முகவரியையும் படக் கோப்பின் பெயரையும் கொடுத்தால் வேலை முடிந்தது. பயிற்சிக்குப் பலரும் எடுக்கும் சினூக் டேட்டாபேஸில் 11 டேபிள்கள்தான். ஒரே பக்கத்தில் அழகாக அடங்கிவிடும். டேபிள்கள் நூறைத் தாண்டினால் இடியாப்பச் சிக்கல்தான்.

அந்தச் சிக்கலை ஸ்கீமாஸ்பை நன்றாகச் சமாளிக்கிறது. ஒவ்வொரு டேபிளுக்கும் தனிப் பக்கம். அதில் அந்த டேபிளும் அதற்கு நேரடி உறவுள்ளவையும், வேண்டுமானால் இன்னும் ஒரு படி தள்ளி உள்ளவையும் மட்டும். இதைவிட எனக்குப் பிடித்தது அதன் ஊகிக்கும் திறன். பழைய மைஎஸ்கியூஎல்லில் மைஐசாம் என்ற சேமிப்பு எஞ்சினில் டேபிள்கள் இருந்தால், ஃபாரின் கீ (இன்னொரு டேபிளைச் சுட்டும் நெடுவரிசை) எழுதியிருந்தாலும் அந்த எஞ்சின் கண்டுகொள்ளாது. அப்போது மற்ற கருவிகள் இயல்பு நிலையில் கோடே இல்லாத பெட்டிகளைக் காட்டும். ஸ்கீமாஸ்பையோ ஒரு டேபிளின் பிரைமரி கீயோடு (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை) பெயரும் வகையும் பொருந்தும் நெடுவரிசை வேறு டேபிளில் இருக்கிறதா என்று தேடி, புள்ளிக்கோடு போடும். எல்லா டேபிளிலும் பிரைமரி கீயின் பெயர் வெறும் 'ஐடி' என்றால் இந்த வழி உதவாது. ரெயில்ஸ் (ரூபி மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்) பாணிப் பெயர்களுக்குத் தனி ஆப்ஷன் உண்டு. தொல்லை என்னவென்றால் ஜாவா வேண்டும், ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவரும் வேண்டும். வருவது ஒரு முழு எச்டிஎம்எல் தளம் என்பதால் அதை எங்காவது ஏற்றியும் வைக்க வேண்டும்.

டிபிஎல்எஸ் கோ மொழியில் எழுதப்பட்ட ஒற்றைக் கோப்பு. மார்க்டவுனும் எஸ்விஜி படங்களும் தருவதால் கிட்ஹப்பில் அப்படியே படிக்கலாம். படத்தைவிட அதன் 'டிஃப்' கட்டளைதான் எனக்கு முக்கியம்: டேட்டாபேஸ் மாறி ஆவணம் மாறாமல் கிடந்தால் பிழை சொல்லும். அதைத் தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிட்டால், ஆவணத்தைப் புதுப்பிக்காத மைக்ரேஷன் அங்கேயே மாட்டிக்கொள்ளும். விடுபட்ட உறவுகளை அதன் யாமெல் அமைப்புக் கோப்பில் நாமே எழுதிக் கொடுக்கலாம்.

தொடர்ந்து வளரும் ப்ராஜெக்டுக்கு நான் டிபிஎல்எஸ் பக்கம்தான். யாரோ விட்டுப்போன பழைய டேட்டாபேஸ் கைக்கு வந்தால் மட்டும் முதலில் ஸ்கீமாஸ்பையை ஒருமுறை ஓட்டுங்கள். அது ஊகித்த கோடுகளில் எவை நிஜம் என்று அப்ளிகேஷனின் நிரலைப் பார்த்து உறுதி செய்து, அவற்றை மட்டும் டிபிஎல்எஸ்ஸின் யாமெலுக்கு மாற்றுங்கள். அப்புறம், எந்தக் கருவியானாலும் படிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்கு போதும். பாஸ்வேர்டைக் கட்டளையோடு தட்டினால் ஷெல் வரலாற்றில் (தட்டிய கட்டளைகளின் பதிவில்) தங்கிவிடும்.