பத்து இலக்க நம்பரும் குட்டியின் குதிகாலும்

பொங்கலை ஒட்டி மூன்று வாரம் மன்னார்குடி போய்விட்டு இங்கிலாந்தில் இருக்கும் ரெடிங் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. பெட்டி பிரித்தாகிவிட்டது, குட்டியின் தூக்கமும் பழைய நேரத்துக்கு வந்துவிட்டது. அந்த மருத்துவமனைக் கவுண்டர் மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் கட்டியைச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு ஏழு மாதம். இங்கே பிளாஸ்டிக் தொட்டியில் ஐந்து நிமிஷம் வைத்துக் குளிப்பாட்டித் துடைத்து எடுத்துவிடுவேன். ஊரில் அம்மா அதற்கு விடுவாளா? கிணற்றடியில் மணை போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, அதில் அவனைக் கிடத்தி, எண்ணெய் தடவிக் கை காலை ஒவ்வொன்றாக உருவி விடுவாள். மூன்றாம் நாள் காலை வலது குதிகாலை உள்ளங்கையில் பிடித்தபோது அவள் கை நின்றுவிட்டது.

"இங்க என்னடி இது, மொச்சைக் கொட்டை மாதிரி?"

குதிகாலின் உள்பக்கம், அடிப்பாதத்தை ஒட்டி, ஒரு சின்ன மேடு. தோல் நிறத்திலேயே இருந்தது. சிவப்பு இல்லை, சூடு இல்லை. அமுக்கினால் மெத்தென்று உள்ளே போனது. அவன் அழவில்லை, கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு சிரித்தான். இங்கே ஆறு முதல் எட்டு வாரத்தில் நடக்கும் பரிசோதனையில் கண், இதயம், இடுப்பு மூட்டு எல்லாம் பார்த்து, குழந்தையின் உடல்நலக் குறிப்புகளுக்கான சிவப்புப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். குதிகாலை நானும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. ஏழு மாதம் பெற்ற தாய்க்குத் தெரியாமல் இருந்திருக்கிறதே என்று அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

ரெடிங்கில் இருந்திருந்தால் காலை எட்டு மணிக்கு ஜிபிக்கு, அதாவது குடும்ப டாக்டருக்கு, போன் போட்டு வரிசையில் காத்திருப்பேன். பார்க்கிற டாக்டர், "வளர்கிறதா கவனியுங்கள்" என்பார். ஸ்கேன் என்று எழுதினால் வாரக்கணக்கில் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஊரில் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டு, பெரிய ஊரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கார் வைத்துக்கொண்டு கிளம்பினோம். பெயர் வேண்டாம்.

காலை 10:20க்கு உள்ளே நுழைந்தோம். ஏசி, பளிங்குத் தரை, பிள்ளையார் சிலைக்குப் புதுப் பூ. கவுண்டரில் இருந்த பெண் குழந்தையின் பெயர், வயது கேட்டாள். அப்புறம் மொபைல் நம்பர். என் இங்கிலாந்து நம்பரைச் சொன்னேன்.

"பத்து டிஜிட்தான் வரணும் மேடம்."

இங்கிலாந்து நம்பரில் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எடுத்துவிட்டால் மிச்சம் பத்து இலக்கம்தான். ஏழில் தொடங்கும். பார்க்க நம் ஊர் நம்பர் மாதிரியே இருக்கும். அவள் பூஜ்யத்தை எடுத்துவிட்டு அடித்தாள், கம்ப்யூட்டரும் வாங்கிக்கொண்டது. "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க மேடம்" என்றாள். எனக்கு எப்படி வரும்? இந்தியாவில் அதே பத்து இலக்கம் யாருடையதோ, அவருக்குப் போயிருக்கும். விளக்கிச் சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி அனுப்பினாள். மூன்று தடவை. முகம் தெரியாத அந்த மனிதரின் போனில் என் மகன் பெயரோடு மூன்று ஓடிபி இறங்கியிருக்கும்.

என்னுடைய பழைய இந்திய சிம் ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துவிட்டது. அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், அதையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். நம்பர் இல்லாமல் பதிய முடியாதா என்றேன். "சிஸ்டம் எடுக்காது மேடம்." பாஸ்போர்ட் காட்டினேன். "அது ஐடிக்கு. இது ஓடிபிக்கு." மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார், அதே திரையைப் பார்த்தார், அதையே சொன்னார். பின்னால் வரிசை கதவு வரை போய்விட்டது. குட்டி பசியில் கத்த ஆரம்பித்தான்.

கடைசியில் மாமாவின் நம்பரைக் கொடுத்தேன். மாமா மன்னார்குடியில் வீட்டில் இருந்தார். ஓடிபி அவருக்குப் போயிற்று. போன் போட்டுக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

"ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு பேங்க்லேர்ந்து மெசேஜ் மேல மெசேஜ் வருதேம்மா. நீதான் பேசறியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தெருவில் இரண்டு பேர் அப்படிப் பணத்தை இழந்திருக்கிறார்கள். அப்பா வாங்கிப் பேசி, மாமாவின் கல்யாணத்தன்று நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லி நிரூபித்த பிறகுதான் ஆறு எண்களையும் படித்தார். அதற்குள் நேரம் தாண்டி அது செல்லாமல் போய்விட்டது. இன்னொன்று அனுப்பி, இன்னொரு முறை கேட்டு, பதிவு முடிந்தபோது மணி 12:05. ஒரு மணி முக்கால். ஒரு குழந்தையின் காலைப் பார்க்க டாக்டருக்கு எதற்கு அவன் மாமாத்தாத்தாவின் போன் நம்பர்? இங்கே வரிசை நீளம்தான், கடிதம் தாமதம்தான். ஆனால் குழந்தை அழும்போது போன் நம்பருக்காக அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்ததாக எனக்கு ஒரு நாளும் நினைவில்லை.

பதியும்போதே "என்ன பிரச்சினை, எந்த இடம்" என்று கேட்டு "வலது குதிகால்" என்று அடித்துக்கொண்டாள். அந்த இரண்டு சொற்கள் அன்று முழுக்க எங்களுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தன. ஸ்கேன் அறையில் வலது சாக்ஸைக் கழற்றினார்கள், ஜெல் தடவினார்கள், பார்த்தார்கள். அரை மணியில் ரிப்போர்ட்டும் படமும் பெரிய பிளாஸ்டிக் உறையில் என் கையில். இதை மனதாரப் பாராட்டுகிறேன். இங்கே படம் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும், நமக்கு வருவது ஒரு வரிக் கடிதம். ரிப்போர்ட்டில் தோலுக்கு அடியில் கொழுப்புத் திசு, லிப்போமாவாக இருக்கலாம் என்று இருந்தது.

சர்ஜன் அன்பாகத்தான் பேசினார். ரிப்போர்ட்டைப் படித்தார், வலது குதிகாலை ஒரு முறை அமுக்கினார். "சின்னக் கொழுப்புக் கட்டிதாம்மா. எடுத்து பயாப்சிக்கு அனுப்பிடலாம். நீங்க ஊருக்குத் திரும்பறதுக்குள்ள முடிச்சிடலாம், வியாழக்கிழமை தேதி இருக்கு." ஏழு மாதக் குழந்தைக்கு முழு மயக்க மருந்து கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார். எஸ்டிமேட் காகிதமும் வந்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. நீடாமங்கலம் தாண்டும்போதுதான் சொன்னார்: "சாயங்காலம் நம்ம டாக்டரையும் ஒரு தடவை காட்டிடுவோம்."

நம்ம டாக்டர் என்றால் எனக்கும் தம்பிக்கும் சின்ன வயதில் பார்த்தவர். எழுபதைத் தாண்டிவிட்டார். தேரடிப் பக்கம் அதே கிளினிக், அதே மர பெஞ்ச், எண் எழுதிய அட்டைத் துண்டு டோக்கன். எங்களுக்கு 17. கம்பவுண்டர் மட்டும் மாறியிருக்கிறார். யாரும் போன் நம்பர் கேட்கவில்லை. முறை வந்ததும் உள்ளே போனோம். உறையை நீட்டினேன். வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"அப்புறம் பாத்துக்கலாம். ரெண்டு சாக்ஸையும் கழட்டும்மா."

கழற்றினேன். குட்டியை என் மடியிலேயே வைத்து, இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்து, டேபிள் விளக்கைத் திருப்பினார். இடது குதிகாலின் உள்பக்கமும் அதே இடத்தில், வலதுக்குக் கண்ணாடி பிடித்த மாதிரி, இன்னொரு மேடு. கொஞ்சம் சிறியது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அம்மா பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை, ஸ்கேனும் பார்க்கவில்லை. கட்டைவிரலால் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கிக் காட்டினார். அப்போதும் குட்டி சிரித்தான்.

"ரெண்டு பக்கமும் ஒரே இடம். வலி இல்ல. இது பொறப்போட வர்றது. பயப்படாதே."

காகிதம் எடுத்து அதன் பெயரை எழுதினார்: ப்ரீகால்கேனியல் கன்ஜெனிட்டல் ஃபைப்ரோலிப்போமேட்டஸ் ஹமார்ட்டோமா. பெயரின் நீளம் பார்த்து எனக்கு மறுபடி வயிற்றைக் கலக்கியது. அவரே உடைத்துச் சொன்னார். குதிகால் எலும்புக்கு முன்னால், பிறவியிலேயே, நார்த்திசுவும் கொழுப்பும் சேர்ந்து கொஞ்சம் அதிகமாகத் திரண்டிருக்கிறது. ஹமார்ட்டோமா என்றால் அந்த இடத்தில் இருக்க வேண்டிய திசுவே ஒழுங்கில்லாமல் கூடுதலாக வளர்ந்தது, புற்றுநோய்க் கட்டி கிடையாது. பெரும்பாலும் பிறந்த சில மாதங்களில் யாராவது கவனிப்பார்கள். பல குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வயதுக்குள் சுருங்கிவிடும். சிலருக்கு அப்படியே நின்றுவிடும், நடையைப் பாதிக்காது. வெட்ட வேண்டியதில்லை. "நாளைக்கு நடக்கப் போற குதிகால்ல தழும்பு போட்டா, அதுதான் வலிக்கும்" என்றார்.

அப்போதும் என் பயம் முழுதாகப் போகவில்லை. லிப்போமா என்று எழுதியிருக்கிறார்களே, அது என்ன என்றேன். வெளியே எத்தனை டோக்கன் காத்திருந்தாலும் அவருக்கு அவசரம் இல்லை. பெரியவர்களுக்கு, அதிலும் நாற்பது வயதுக்கு மேல், தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு நகரும் கொழுப்புக் கட்டிகள் சாதாரணம், அதுதான் லிப்போமா. குழந்தைகளுக்கு அது குறைவு. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கொழுப்புக் கட்டி வேகமாகப் பெரிதானால் லிப்போபிளாஸ்டோமா என்று ஒன்று உண்டு. அதுவும் புற்றுநோய் இல்லை, பரவாது. ஆனால் முழுவதும் எடுக்க வேண்டும், மிச்சம் இருந்தால் திரும்ப வரும், அதனால் சில வருஷம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தொடையில் உருண்டையாகத் தட்டுப்பட்டால் முதலில் தடுப்பூசி போட்ட இடமா என்று பார்க்க வேண்டும், அது சில வாரத்தில் கரையும்.

பேசிக்கொண்டே குட்டியைக் குப்புறத் திருப்பினார். டயப்பரை இறக்கி, கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாக ஒரு விரலை மெதுவாக ஓட்டிக் கீழே வரை கொண்டுபோனார். பிட்டப் பிளவு நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"கட்டி இங்க இருந்திருந்தா நான் இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்."

அடிமுதுகில், நடுக்கோட்டில் கொழுப்புக் கட்டி இருந்தால் அது உள்ளே தண்டுவடத்தோடு ஒட்டியிருக்கலாம். அதன் மேல் ஒரு குத்து முடியோ, குழியோ, சிவப்பு மச்சமோ இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். தண்டுவடம் கீழே இழுத்துப் பிடிக்கப்பட்டுக் குழந்தை வளர வளரக் கால் பலம் குறையலாம், சிறுநீர் கட்டுப்பாடு போகலாம். பிறந்த முதல் சில மாதங்களில் முதுகெலும்பு இறுகுவதற்குள் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே ஓரளவு தெரிந்துவிடும், அப்புறம் எம்ஆர்ஐ வேண்டும். அதைப் பார்க்காமல் சாதாரணக் கட்டி என்று யாரும் கத்தி வைக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது. "அப்படி ஒரு குழந்தையப் பாத்திருக்கேன்" என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்றைக்கே முதுகைத் தடவிப் பாருங்கள். கட்டி என்று எதுவும் தட்டுப்பட்டால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் யாரும் பிதுக்கவோ, ஒத்தடம் கொடுத்துக் கரைக்கவோ வேண்டாம்.

கடைசியில்தான் உறையைப் பிரித்தார். "படம் சரியாத்தான் எடுத்திருக்காங்க, கொழுப்புத்தான். ஒரு காலைத்தான் பாத்திருக்காங்க" என்று மறுபடி உறையில் போட்டார். என்ன பார்க்க வேண்டும் என்பதை அதே காகிதத்தின் பின்னால் எழுதினார்: வேகமாக வளர்ந்தால், வலித்தால், நிறம் மாறினால் காட்டவும். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு அம்மாவிடம் இடது காலையும் காட்டினேன். குட்டி தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு குதிகாலையும் கைக்குள் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் குளியலில் அந்த இடத்தை உருவாமல் விட்டாள்.

இங்கே வந்து போன வாரம் ஜிபியிடம் போனேன். காகிதத்தைப் படித்தார். அவரும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். அப்படியே விட்டுவிடலாம் என்றார். அந்தக் காகிதம் இப்போது சிவப்புப் புத்தகத்தின் உள்ளே இருக்கிறது.

அந்த மருத்துவமனையின் சிஸ்டத்தில் மட்டும் விஷயம் முடியவில்லை. வியாழக்கிழமை வேண்டாம் என்று அன்றைக்கே போன் செய்து சொன்னேன். ரத்து செய்யவும் பதிந்த நம்பருக்கு ஓடிபி வரும், அதைச் சொல்ல வேண்டும் என்றார்கள். மாமா சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார். அதனால் வாரம் தவறாமல் அவருக்கு ஒரு மெசேஜ் வருகிறது: உங்கள் அறுவை சிகிச்சை நிலுவையில் உள்ளது, உடனே தொடர்பு கொள்ளவும். சர்க்கரையும் பிரஷரும் இருக்கும் மனுஷர். நேற்று இரவு பதினொரு மணிக்கு, அங்கே விடிகாலை நாலரை, எனக்குப் போன் செய்து, "குட்டிக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டார்.