ஃபிளமெங்கோ கிட்டார்: வேலூர் கடைக்கு ஸ்கேலோடு போங்கள்

கிளாசிக்கல் கிட்டாரில் தட்டுத்தகடு (விரலால் தட்டும்போது மேல்பலகையைக் காக்கும் மெல்லிய தகடு) ஒட்டிவிட்டால், ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ இசைக்கான கிட்டார் ஆகிவிடாது. பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைக் கட்டும் கட்டை) பக்கத்தில் ஸ்கேலை நிறுத்துங்கள்: மேல்பலகைக்கும் கம்பிக்கும் 7, 8 மி.மீ.தான் இருக்க வேண்டும். 10, 11 வந்தால் அது கிளாசிக்கல். “சேடிலைத் தேய்த்து இறக்கித் தர்றேன் சார்” என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள். சேடில் என்பது பிரிட்ஜில் கம்பி அமரும் சிறு பட்டை; அதைத் தேய்த்தாலும் கழுத்துச் சாய்வு மாறாது, கம்பியின் அழுத்தம் குறைந்து சத்தம்தான் சோர்ந்துபோகும். கழுத்தின் 12வது ஃபிரெட்டில் (குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) ஆறாம் கம்பியின், அதாவது தடித்த கம்பியின், உயரம் சுமார் 3 மி.மீ. பலமாக அடித்தால் லேசாக ‘ஜிர்’ரென்பது குறையில்லை.

ஃபிளமெங்கோ கிட்டாரின் வகைப் பெயர்கள் இவை: வெளிர் மஞ்சள் சைப்ரஸ் மர உடல் என்றால் பிளாங்கா; கருத்த ரோஸ்வுட் நெக்ரா, அதுவும் அசல்தான். துளைக்குள் டார்ச் அடித்து, பின்பலகையின் ரேகை உள்ளும் வெளியும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பிளைவுட், அதற்குத் தனிமர விலை தராதீர்கள்.

நம்மூர் மே மாத வெயிலில் காருக்குள் வைத்தால் கோந்து இளகி பிரிட்ஜ் எழும்பும்.