பல் எடுக்க மரப்பு ஊசி போதுமா, மயக்கமும் வேண்டுமா?

தண்டையார்பேட்டையில் அக்கா கடைவாய்ப் பல் எடுத்தது மரப்பு ஊசியில்தான். லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து ஏறியதும் வலி போய்விடும். ஆனால் பல்லை அசைக்கும் அழுத்தமும் சத்தமும் தெரியும். சில மணி நேரம் உதடு மரத்திருக்கும், கடித்துக்கொள்ளாமல் கவனம் வேண்டும். மெட்ரோவில் தனியாகவே வீடு திரும்பலாம்.

ரத்தக் குழாய் வழியே மிடசோலம் என்ற மருந்தை ஏற்றித் தரும் மயக்கம் வேறு. முழுத் தூக்கம் இல்லை. டாக்டர் 'வாயைத் திறங்க' என்றால் திறப்பீர்கள், அப்புறம் பெரும்பாலும் நினைவிருக்காது. அதிலும் மரப்பு ஊசி உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. பொதுவாக அதற்கு முன் 6 மணி நேரம் சாப்பிடக் கூடாது, துணைக்கு ஆள் கட்டாயம், அதன் பிறகு 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. செலவும் கூடும்.

ஒரே பல் என்றால் நான் ஊசியையே சொல்வேன். பயத்தில் நடுங்குபவர்கள், புதைந்த ஞானப்பல் உள்ளவர்கள் தயங்காமல் மயக்கம் பற்றிக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத்திணறல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.