கறிக்கோழிக் குஞ்சு என்று முட்டைக்கோழிச் சேவல்களை விற்கிறார்கள்: என் 18,000 ரூபாய் போனது

வீட்டிலேயே கறிக்கோழி வளர்த்து, வீட்டிலேயே அறுத்துச் சுத்தம் செய்துகொள்ள நினைக்கும் யாரும், இணையச் சந்தைத் தளங்களில் குஞ்சுக்குப் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். குஞ்சு வாங்குவது முதல் அறுத்த கோழியைக் குளிரவைப்பது வரை எதில் எதில் கவனம் வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று எனக்குக் குஞ்சு விற்ற ஆள் அனுப்பிய பதிலைப் பார்த்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நூறு குஞ்சு, தொடக்கத் தீவனம், தடுப்பூசிக் கட்டணம், வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது 18,000 ரூபாய். வந்து இறங்கியவை கறிக்கோழிக் குஞ்சுகளே அல்ல. முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள்.

தளத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தனியாட்கள் பொருள்களைப் படம்போட்டு விற்கும் வழக்கமான தளம்தான் அது. விற்றவர் தம்மைக் குஞ்சு பொரிப்பகம் நடத்துபவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். என்னை நம்பவைத்தது விலை அல்ல, அவருடைய பேச்சு. பணத்தைப் பற்றி வாயே திறக்காமல், குஞ்சு வருவதற்கு முன்பே விளக்கைப் போட்டு இடத்தைச் சூடாக்கி வைக்க ஏற்பாடு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். முதல் வாரம் 35 டிகிரியை ஒட்டி வெப்பம் இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும், குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர் என்று பொருள், வாயைத் திறந்துகொண்டு ஓரங்களுக்கு ஒதுங்கினால் சூடு அதிகம் என்று பொருள் என அவர் பொறுமையாகச் சொன்ன ஒவ்வொன்றும் சரியான தகவல். அகன்ற நெஞ்சோடு கோழிகள் அசைந்து நடக்கும் காணொளி ஒன்றையும் அனுப்பினார். அன்று மாலையே 18,000 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பழுப்பு முட்டையிடும் கலப்பினங்கள் பலவற்றில் பெட்டைக் குஞ்சு பழுப்பாகவும் சேவல் குஞ்சு வெளிர்மஞ்சளாகவும் பொரிகின்றன. முட்டையிடாத அந்தச் சேவல் குஞ்சுகளால் முட்டைப் பண்ணைக்குப் பயனில்லை என்பதால், முதல் நாளே பிரித்து ஒதுக்கிவிடுகிறார்கள். கறிக்கோழிக் குஞ்சும் அதே மஞ்சள், அதே நாற்பது கிராம் அளவுதான். பெட்டிக்குள் பார்க்கும்போது பழகாத கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஒன்றுக்கும் ஆகாது என்று கழித்த குஞ்சை அள்ளி வந்து, கறிக்கோழி விலைக்குத் தலையில் கட்டுகிறார்கள்.

வளர வளரத்தான் வேறுபாடு தெரியும். கறிக்கோழி தீவனத் தட்டை விட்டு நகராது. இவையோ எப்போதும் ஓடிக்கொண்டும் மூடியின் மேல் தாவிக்கொண்டும் இருந்தன. கால் மெலிந்திருந்தது, கொண்டை சீக்கிரமே சிவக்கத் தொடங்கியது. நான்காம் வார முடிவில் கறிக்கோழி ஒன்றரைக் கிலோவை நெருங்கியிருக்க வேண்டும். சமையலறைத் தராசில் நான் நிறுத்துப் பார்த்த எதுவும் 350 கிராமைத் தாண்டவில்லை.

விற்றவரைக் கேட்டதற்கு முதலில் தீவனம் சரியில்லை என்றார். அது அவரே 18,000 ரூபாய்க்குள் சேர்த்து அனுப்பிய தீவனம் என்று சொன்னதும், இரவில் வெளிச்சம் போதவில்லை என்றார். பிறகு, சில குஞ்சுகள் மெதுவாகத்தான் தேறும், இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்றார். நூறுமா மெதுவாகத் தேறும்? தளத்தில் புகார் அளித்தபோது, உயிருள்ளவற்றை ஒப்படைத்த பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். ரசீதில் இனத்தின் பெயரே இல்லை. 'தரமான குஞ்சு' என்று மட்டும் இருக்கிறது.

ஆறாம் வாரம் கடந்ததும் சிலவற்றை அறுத்துப் பார்த்தோம். முதல்நாள் இரவே தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்தோம். புனலில் தலைகீழாக இறக்கி, அறுத்து, இரத்தம் முழுவதும் வடியவிட்டு, 63 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்ததும் இறகு கையோடு வந்தது. தோலை விலக்கி நெஞ்செலும்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினால் கத்தி முனையைத் தொடுவது போல இருந்தது. இருபுறமும் விரல் கனத்துக்குக்கூடச் சதையில்லை. அதைப் படமெடுத்து அனுப்பினேன். அதற்கு நேற்று வந்த பதில்: வெந்நீரில் அதிக நேரம் வைத்ததால் கறி சுருங்கிவிட்டதாம்! வெந்நீரில் கூடுதலாக வைத்தால் தோல் கிழியும், மேற்சதை சற்று வெளுக்கும். இருந்த சதை எங்கே மறையும்? கோழி அறுத்துப் பழகிய எவரும் இப்படிச் சொல்ல மாட்டார். அந்தப் பதிலை அனுப்பிய கையோடு என் எண்ணையும் முடக்கிவிட்டார். 18,000 ரூபாயில் ஒரு காசுகூடத் திரும்பவில்லை; அதன் பிறகு வாங்கிப்போட்ட தீவனம் தனிக்கணக்கு.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். ரசீதில் இனத்தின் பெயரும் பொரித்த தேதியும் எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். தடுப்பூசிக்குத் தனியாகக் காசு கேட்டால், என்ன தடுப்பூசி, எந்த நாளில் போட்டது என்று எழுத்தில் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். குஞ்சு வந்த அன்றும் ஏழாம் நாளும் பத்துக் குஞ்சுகளையாவது நிறுத்துப் படமெடுத்து வையுங்கள். கறிக்கோழியாக இருந்தால் ஏழாம் நாளில் வந்த எடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இருக்கும். முட்டைக்கோழிச் சேவல் இரு மடங்கை எட்டினாலே அதிகம். எடை குறைந்தால் அன்றே புகார் கொடுங்கள், இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னால் பொறுக்காதீர்கள்.