ஜான் ஹவ்லண்ட் வம்சம்: காகிதமா, டிஎன்ஏவா?

1620-ல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிச்சென்ற மேஃபிளவர் கப்பலில் அமெரிக்காவின் பிளிமத்துக்குப் போனவர் ஜான் ஹவ்லண்ட். அவர் வம்சமா நாம் என்று தேடும் அமெரிக்கர்களுக்கு இரண்டு வழி.

முதல் வழி காகிதம்: ஞானஸ்நானப் பதிவேடு, உயில், நிலப்பத்திரம். மெதுவான வேலைதான், ஆனால் பழைய தப்பைத் திருத்துவதும் இதுவே. ஹவ்லண்டின் மனைவி பிளிமத்தின் முதல் ஆளுநர் கார்வர் வீட்டுப் பெண் என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அடுத்த ஆளுநர் பிராட்ஃபோர்ட் அந்தக் குடியேற்றத்தைப் பற்றி எழுதிய கையெழுத்துப் பிரதி 1855-ல் லண்டன் ஃபுல்ஹாம் அரண்மனை நூலகத்தில் அகப்பட்டது. அவள் ஜான் டில்லியின் மகள் எலிசபெத் என்று அதில் பளிச்சென்று இருந்தது. எத்தனை வீட்டு வம்சப் படங்களை அழித்து எழுதினார்களோ!

இன்னொன்று எச்சில் துப்பி அனுப்பும் டிஎன்ஏ சோதனை. பன்னிரண்டு தலைமுறை மேலே போனால் முன்னோர் இடங்கள் 4,096. அதில் ஒருவரான ஹவ்லண்டின் டிஎன்ஏ துணுக்கு ஒன்றுகூட நம்மிடம் வந்திராமல் போகலாம். ஒய் குரோமோசோம் சோதனை இன்னும் தெளிவு, ஆனால் அந்தக் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கே போவதால் மகன் வழிக்கு மட்டும். நடுவில் ஒரு மகள் வந்தால் சங்கிலி அறுந்தது. ஹவ்லண்டின் பத்துப் பிள்ளைகளில் ஆறு பேர் பெண்கள்.

அதனால் என் ஓட்டு காகிதத்துக்கே. தத்துப்பிள்ளை, பதிவில்லாத தகப்பன் என்று காகிதம் முட்டி நிற்கும் இடத்தில், அப்புறம் டிஎன்ஏவுக்குக் காசு செலவழிக்கலாம்.