ஒன்றரை மில்லிமீட்டர்: நானே செய்த கணினிப் பெட்டியுடன் நான்கு ஆண்டுகள்

நண்பரின் தம்பி சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, நீங்க செஞ்ச மாதிரியே ஒரு கேபினெட் நானும் செய்யலாம்னு இருக்கேன், செய்யலாமா?" என்று கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் அந்தப் பெட்டியின் உள்ளுறுப்புகள் அனைத்தையும் கழற்றிப் பழைய போர்வை ஒன்றில் பரப்பி வைத்துவிட்டு, நுண்ணளவு பார்க்கும் வெர்னியரைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். அன்று அவருக்குச் சொன்ன பதில் ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்கான காரணத்தை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பெட்டி உருவான கதை சுருக்கமானது. சென்னையில் நான் குடியிருக்கும் வீட்டில், மேசையை ஒட்டிச் சுவரில் 40 செ.மீ. உயரமுள்ள ஒரு மாடம் இருக்கிறது. கணினி அங்கேதான் இருக்க வேண்டும். கடைகளில் பார்த்தவற்றில் உயரம் பொருந்தியவை காற்றுக்கு வழிவிடவில்லை, காற்றுக்கு வழிவிட்டவை மாடத்துக்குள் நுழையவில்லை. ஆகவே 2021-இல் 390 மி.மீ. உயரம், 420 மி.மீ. ஆழம், 230 மி.மீ. அகலம் என்று வைத்து நானே வரைந்தேன். வெளிக்கூடு, தேக்கு வெனீர் ஒட்டிய 12 மி.மீ. பிளைவுட், தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 வகை. கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டைத் தாங்கும் ட்ரேயும் பின்பக்கத் தகடும் 2 மி.மீ. அலுமினியத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேசரில் வெட்டி வாங்கியவை.

முதலில் நியாயமாக அதன் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். இந்த நான்கு ஆண்டுகளில் என்னை மிகவும் மகிழ்வித்தது அதன் அமைதி. இதற்கு முன் வைத்திருந்த மெல்லிய இரும்புத் தகட்டுக் கேபினெட்டில், மின்விசிறி ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் பக்கத் தகடு முழுவதும் சேர்ந்து முனகத் தொடங்கும்; அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் முனகல் நிற்கும், எடுத்தால் மீண்டும் வரும். பிளைவுட், மாறி மாறிக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகளால் ஆனது என்பதால் அந்த அதிர்வைத் தனக்குள்ளேயே தின்றுவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு, முழு வேலையில் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது, அறையில் கேட்பது சுவர்க் கடிகாரத்தின் ஒலிதான். முன்பக்கம் இரண்டு 140 மி.மீ. விசிறிகள் வடிகட்டி வலை வழியாகக் காற்றை இழுக்க, பின்பக்கம் ஒரே ஒரு 120 மி.மீ. விசிறி அதை வெளியேற்றுகிறது. உள்ளே வரும் காற்று கூடுதல் என்பதால் இடுக்குகள் வழியாகத் தூசி உறிஞ்சப்படுவதில்லை. வலையை மாதம் ஒருமுறை கழுவினால் போதும். மே மாத வெயிலிலும் வெப்பத்தால் ஒருமுறைகூட அது தடுமாறியதில்லை. காந்தத்தில் ஒட்டி நிற்கும் பக்கக் கதவை ஒற்றைக் கையால் திறக்கலாம். இந்த அளவில் கடையில் கிடைக்கும் எதையும் இதற்கு ஈடாக நான் ஏற்கமாட்டேன்.

இனி, இரண்டு ஆண்டுகளாக என் பொறுமையைத் தின்ற விஷயத்துக்கு வருகிறேன்.

2023-இல், திரைக்குப் படத்தை உருவாக்கி அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினேன். பழையது கையடக்கமானது, எடை குறைந்தது. புதியது 270 மி.மீ. நீளம், இரண்டு ஸ்லாட் தடிமன். அது வந்த இரண்டாம் மாதத்திலிருந்து திரை திடீரென்று கறுத்துப்போகத் தொடங்கியது. சில காலைகளில் கணினி அந்தக் கார்டு இருப்பதையே அறியாமல் எழுந்திருக்கும். கழற்றி மாட்டினால் சரியாகிவிடும், மூன்று வாரம் ஓடும், பின்பக்கத்தில் எச்.டி.எம்.ஐ. கேபிளைத் தொட்டாலோ, துடைப்பதற்காகப் பெட்டியை மாடத்திலிருந்து முன்னால் இழுத்தாலோ மறுபடியும் கறுத்துவிடும். டிரைவரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.-ஐக்கூட மாற்றினேன். கடைசியில் கார்டை உத்தரவாதச் சேவை மையத்தில் கொடுத்தேன். பதினொரு நாள் வைத்திருந்துவிட்டு, "குறை எதுவும் இல்லை" என்ற ஒற்றை வரியுடன் திருப்பித் தந்தார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதே உண்மை என்பதை இப்போது எழுதியாக வேண்டும். அவர்களுடைய சோதனை மேசையில் மதர்போர்டு திறந்தவெளியில் கிடக்கும். கார்டின் உலோகப் பட்டையைத் திருகி முடுக்க அங்கே பின்தகடு என்று ஒன்று இருப்பதில்லை. என் பெட்டியில் இருக்கிறது.

கார்டு திரும்பி வந்த அன்று இரவு, அதை மாட்டித் திருகையும் முடுக்கிய பிறகு, டார்ச் விளக்கை, மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்த்தேன். முன்முனையில் கார்டின் விளிம்பு ஸ்லாட்டுக்குள் முழுவதும் அமர்ந்திருந்தது. பின்தகட்டை நெருங்க நெருங்க, கருப்புப் பிளாஸ்டிக்குக்கு மேலே ஒரு மெல்லிய தங்கக் கோடு தெரிந்து, அகன்றுகொண்டே போனது. ஒரு விசிட்டிங் கார்டை மடித்து அந்த இடுக்கில் செருகினேன். பின்முனையில் தடையில்லாமல் நுழைந்தது. கார்டைக் கழற்றிப் பார்த்தபோது, தங்க முனைகளில் விழுந்திருந்த உரசல் தடங்களும் முன்பக்கம் நீளமாகவும் பின்பக்கம் குட்டையாகவும் ஒரே சாய்வில் இறங்கியிருந்தன. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் இந்த வகை ஸ்லாட்டில், அதை இரண்டாகப் பிரிக்கும் வெட்டுக்குப் பின்னால் பின்தகட்டை ஒட்டியுள்ள குட்டைப் பகுதியில் ஒரு பக்கத்துக்கு 11 முனைகள் இருக்கின்றன. கார்டுக்கு 12 வோல்ட் மின்சாரம் கொண்டுவரும் முனைகளும், ரீசெட் சமிக்ஞையும், கார்டு பொருத்தப்பட்டிருப்பதைத் தெரிவிக்கும் ஒரு முனையும் அங்கேதான் உள்ளன. எந்த முனைகள் உறுதியாகப் பற்றியிருக்க வேண்டுமோ, அவைதான் என் பெட்டியில் பட்டும் படாமலும் நின்றிருக்கின்றன.

காரணம் ஸ்பேசர். மதர்போர்டு, ட்ரே தகட்டிலிருந்து சிறு பித்தளைத் தூண்களின்மேல் எழும்பி நிற்கிறது. கார்டு போர்டுக்குச் செங்குத்தாக நிற்பதால், தூணின் உயரமே கார்டின் உயரத்தையும் தீர்மானிக்கிறது. பின்தகட்டில் கார்டின் பட்டை வந்து உட்கார வேண்டிய விளிம்பை அந்தக் கணக்கை வைத்துத்தான் வரைய வேண்டும். நான் 6.5 மி.மீ. என்று வரைந்திருந்தேன். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் எம்3 (3 மி.மீ. திருகுக்கான) பித்தளை ஸ்பேசர் கேட்டபோது 5 மி.மீ. இருந்தது, வாங்கி வந்துவிட்டேன். போர்டு ஒன்றரை மில்லிமீட்டர் தாழ்ந்தது, விளிம்பு வரைந்த இடத்திலேயே நின்றது, பட்டை அதன்மேல் மோதிக் கார்டின் பின்முனையைத் தூக்கிப் பிடித்தது. பழைய கார்டும் இப்படித்தான் சாய்ந்திருக்க வேண்டும். எடை குறைவாக இருந்ததாலும், மெல்லிய கேபிள் ஒன்று மட்டுமே தொங்கியதாலும் தப்பியிருக்கிறது.

என்னை அதிகம் வருத்துவது இதுவன்று. இந்தப் பிழை முதல் நாளே தன்னைக் காட்டிக்கொடுத்தது என்பதுதான். பின்பக்க இணைப்புத் துளைகளுக்கான திறப்பு 158.75-க்கு 44.45 மி.மீ.; வரையறை அங்குலத்தில் எழுதப்பட்டதால், அதாவது ஆறேகாலுக்கு ஒன்றேமுக்கால் அங்குலம் என்பதால், இப்படித் தசமத்தில் வருகிறது. அந்த எண்ணை நான் சரியாகவே வரைந்தேன், லேசரும் சரியாகவே வெட்டியது. ஆனாலும் போர்டைப் பொருத்தியபோது யு.எஸ்.பி. துளைகள், அந்தத் திறப்பில் பொருந்தும் மூடுதகட்டின் துளைகளோடு சேராமல் ட்ரேயின் பக்கமாக விலகி நின்றன. வெட்டியவர் தவறு செய்துவிட்டார் என்று எண்ணி, அரத்தை எடுத்து, ட்ரேயை ஒட்டிய ஓரத்தை ஒரு மாலை முழுவதும் ராவி, மூடுதகட்டை நகர்த்திப் பொருத்தினேன். எதிர்ப்பக்கத்தில் உண்டான இடைவெளியைக் கறுப்பு ஃபோம் டேப்பால் அடைத்தேன். ராவிய அளவை அன்று அளந்து பார்த்திருந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் என்று தெரிந்திருக்கும், விலகல் எங்கிருந்து வருகிறது என்று தேடியிருப்பேன், எஸ்.எம்.பி.எஸ்.-ஐ மாற்றிய காசு மிஞ்சியிருக்கும். அம்பத்தூரில் தகட்டை வெட்டித் தந்தவர்மீது நான்கு ஆண்டுகளாக வைத்திருந்த குறையை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிளைவுட்டை அறுத்துத் தந்த ஆசாரி, வேலை தொடங்கும் முன்பே, "தம்பி, கீலைக் கையில வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் பலகையில கோடு போடுங்க" என்று சொன்னார். கீலுக்கு அப்படியே செய்தேன். அந்தக் கதவு இன்றுவரை ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. ஸ்பேசருக்கும் அதே முறைதான் என்பது எனக்குத் தோன்றவில்லை. மூன்று வாரம் வரைந்தேன், அட்டையில் முழு அளவு மாதிரி செய்து போர்டை உள்ளே வைத்தும் பார்த்தேன். அந்த மாதிரியில் தூண்களுக்குப் பதிலாக மடித்த அட்டைத் துண்டுகளை வைத்திருந்தேன்.

பழுதுநீக்கம் எளிதாகவே முடிந்தது. கேபினெட்டுகளோடு வரும் 6.5 மி.மீ. தூண்களின் அடிமரை (தகட்டுத் துளையில் இறங்கும் திருகுப் பகுதி) அங்குல வகை, ஏறத்தாழ 3.5 மி.மீ. தடிமன்; என் ட்ரேயில் உள்ள 3.2 மி.மீ. துளைகளில் அவை இறங்கா. ஆகவே இருக்கும் ஸ்பேசர்களையே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் அரை மில்லிமீட்டர் எம்3 வாஷர் மூன்று கோத்தேன். எட்டு ஸ்பேசருக்கு 24 வாஷர். அடிமரையின் நீளம் 6 மி.மீ.; தகடு 2, வாஷர்கள் 1.5, நட்டு 2.4 என்று கூட்டினால் 5.9. மீதமுள்ள 0.1 மி.மீ. எனக்கு எவ்வளவு நிம்மதி தந்தது என்பதை இதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். இப்போது கார்டு விரலின் அழுத்தத்திலேயே முழுவதும் அமர்கிறது, பட்டை விளிம்பில் படிந்து நிற்கிறது, தங்கக் கோடு தெரிவதில்லை. திரை இதுவரை கறுக்கவில்லை.

போர்டு தன் இடத்துக்கு வந்ததும், நான் ராவிய ஓரம் இடைவெளியாகிவிட்டது. மூடுதகடு இறுக்கமாகக் கவ்வ வேண்டிய திறப்பில் ஒன்றரை மில்லிமீட்டர் அதிகம், யு.எஸ்.பி. செருகும்போதெல்லாம் தகடு ஆடுகிறது, இரவில் உள்விளக்கு அந்தப் பிளவின் வழியாகச் சுவரில் ஒரு கோடாக விழுகிறது. அமைதியும் குளிர்ச்சியும் கதவும் எல்லாம் மேலே சொன்னபடியே இருக்க, என் கண் அந்தக் கோட்டுக்குத்தான் போகிறது.

ஆகவே தம்பிக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம். மாடத்துக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. கடையில் ஐயாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது அவருக்குப் போதும். எனக்குக் கூலியும் பொருளும் சேர்ந்து அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது, இந்த இரண்டு ஆண்டு அலைச்சல் தனி. இதை அவரிடம் சொன்ன மறுநாள், பின்தகட்டின் வரைபடத்தை மீண்டும் திறந்து, எல்லா அளவுகளையும் வாஷர்களோடு நிற்கும் ஸ்பேசரில் வெர்னியரை வைத்துச் சரிபார்த்து, புதிய தகடு ஒன்றை வெட்டித் தரச் சொல்லி அம்பத்தூருக்கு அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை கிடைக்கும்.