அறக்கட்டளை பதிவு செய்து தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை: என் 86,500 ரூபாய் போன கதை

நேற்று சாயங்காலம், எங்கள் அறக்கட்டளை பற்றி வருமான வரித் துறை போட்ட உத்தரவைப் படித்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. அறக்கட்டளை தொடங்க நினைப்பவர்களுக்கு உபயோகமாக ஐந்தாறு யோசனைகளைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. ஊர், தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பா தபால்காரராக இருந்தவர். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட மாட்டார், வாசித்துக் காட்டி, திண்ணையிலேயே உட்கார்ந்து பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். அவர் பெயரில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை வகுப்பு, ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், இவ்வளவுதான் எங்கள் ஆசை. இதற்குப் பதிவே தேவையில்லைதான். ஆனால் என்னிடம் படித்த சிலர், "நாங்களும் பணம் தர்றோம் டீச்சர், வரிவிலக்கு ரசீது மட்டும் கிடைச்சா நல்லா இருக்கும்" என்றார்கள். அடுத்தவர் பணம் வருகிறதென்றால் கணக்கு வழக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் அல்லவா?

சங்கமாகப் பதிவு செய்ய 1975-ஆம் வருஷத்துச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். எங்களிடம் இருந்ததோ நான், என் தம்பி, பக்கத்துத் தெருவில் கணக்கு டியூஷன் எடுக்கும் ஒரு பெண், ஆக மூன்று பேர். அதனால் டிரஸ்ட், அதாவது அறக்கட்டளை, என்று முடிவு செய்தோம். அப்போதுதான் முகநூலில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. டிரஸ்ட், 12ஏ, 80ஜி, தர்பன், சிஎஸ்ஆர் எல்லாம் ஒரே இடத்தில் முடித்துத் தரும் ஆலோசனை அலுவலகமாம். (12ஏ என்பது டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு, 80ஜி நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை, தர்பன் தொண்டு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவுத் தளம், சிஎஸ்ஆர் கம்பெனிகள் சமூகப் பணிக்குக் கொடுக்கும் நிதி.) பெயர் போட மாட்டேன். மாவட்டத் தலைநகரங்களில் மாடிக்கு மாடி இப்போது இப்படி ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் நிறைய சட்டம் போட்ட சான்றிதழ்கள். அந்தச் சான்றிதழ்களில் ஒன்றுகூட ஆடிட்டர் சான்றிதழ் இல்லை என்பதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

2024 பிப்ரவரியில் தம்பியோடு போனேன். அப்பாவின் படத்தைப் பத்திரத்தில் ஒட்டவேண்டியிருக்குமோ என்ற குழப்பத்தில் கையோடு கொண்டு போயிருந்தேன். (ஒட்ட வேண்டாம். அறங்காவலர்கள், அதாவது டிரஸ்டிகள், படம்தான் வேண்டும்.) மேஜை மேல் அதை வைத்ததும் அந்த அலுவலகத்தை நடத்தும் ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கும்பிட்டார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து 101 ரூபாய் எடுத்து ஒரு கவரில் போட்டு, "ஐயா டிரஸ்டுக்கு முதல் நன்கொடை என்னுதா இருக்கட்டும் டீச்சர்" என்று என் கையில் கொடுத்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் வகுப்பில் நின்று எத்தனையோ கள்ளப் பயல்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவள் நான். 101 ரூபாய்க்கு விழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கட்டணத்தைச் சொன்னார். பத்திரம் எழுதிப் பதிவு செய்து பான் கார்டும் வாங்கித் தர 18,500. 12ஏ, 80ஜி இரண்டுக்கும் சேர்த்து 22,000. தர்பன் எண் வாங்க 6,000. சிஎஸ்ஆர் நிதி ஏற்பாட்டுக்கு 40,000. மொத்தம் 86,500. "கம்பெனிக்காரங்க லாபத்துல 2 சதவீதம் கொடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கு டீச்சர். கொடுக்க ஆள் தேடிட்டு அலையுறாங்க. மூணு மாசத்துல 10 லட்சம் உங்க அக்கவுண்ட்ல நிக்கும்."

இப்போது தெரிந்ததை அப்போதே தெரிந்துகொண்டிருந்தால்! பெரிய கம்பெனிகளுக்கு 2 சதவீதச் சட்டம் உண்மைதான், கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பணத்தை வாங்கிச் செலவு செய்ய, எங்களைப் போன்ற தனி டிரஸ்டுக்கு அதே மாதிரிப் பணியில் மூன்று வருஷ அனுபவம் இருக்க வேண்டும். நேற்றுப் பிறந்த டிரஸ்டுக்கு எந்தக் கம்பெனி தரும்? சிஎஸ்ஆர் பணம் வாங்கப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவத்துக்கு அரசுக் கட்டணம் கிடையாது. 12ஏ, 80ஜி விண்ணப்பத்துக்கும் கிடையாது. நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு செய்வது முழுக்க இலவசம், அதற்குத்தான் நான் 6,000 ரூபாய் கொடுத்தேன். வேலை செய்துகொடுப்பவருக்குக் கூலி கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. "இது கவர்மென்ட் ஃபீஸ் டீச்சர், எனக்கு இதுல ஒண்ணும் இல்ல" என்றாரே, அதைத்தான் சொல்கிறேன்.

பணத்தையும் அலுவலகக் கணக்கில் வாங்கவில்லை. வேறொரு பெண் பெயரில் இருந்த எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பச் சொன்னார். குறிப்பில் "கைமாற்று" என்று போடச் சொன்னார், ஜிஎஸ்டி மிச்சமாகுமாம். நானும் போட்டேன். இதன் அருமை பிறகுதான் தெரிந்தது.

பத்திரப் பதிவு நாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம். டோக்கன் கூப்பிட இன்னும் பத்து நிமிஷம்தான் என்று சொல்லி, 14 பக்கத்தையும் வராண்டாவில் நின்றபடியே புரட்டிப் புரட்டிக் கையெழுத்து வாங்கினார். "எல்லாம் ஸ்டாண்டர்டு ஃபார்மட்தான் டீச்சர்." இன்னொன்றும் அங்கேயே சொன்னார்: "எங்க ஆபீஸ் பையன், எம்.காம். படிச்சவன், அவனையும் ஒரு டிரஸ்டியா சேர்த்திருக்கேன். ஃபைனான்ஸ் தெரிஞ்ச ஆள் இருந்தா சிஎஸ்ஆர் கொடுக்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை." தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டிவிட்டேன். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளிடம் வினாத்தாளை முழுசாக ஒருமுறை படிங்கடா என்று தொண்டை வற்றக் கத்தியவள், என் சொந்தப் பத்திரத்தைப் படிக்கவில்லை. அது என் தப்பு, யார் மேலும் போடவில்லை.

மார்ச்சில் 12ஏ, 80ஜி உத்தரவு வந்துவிட்டது என்று வாட்ஸப்பில் அனுப்பினார். தெருவுக்கே இனிப்புக் கொடுத்தேன். அது தற்காலிகப் பதிவு என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. புது டிரஸ்டுக்கு முதலில் மூன்று வருஷத்துக்குத் தற்காலிகமாகத்தான் கொடுப்பார்கள். பணியைத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் 10ஏபி படிவம் போட்டு நிரந்தரப் பதிவு கேட்க வேண்டும். அப்போதுதான் வருமான வரி ஆணையர் அலுவலகம் உண்மையிலேயே நம்மைக் கூர்ந்து பார்க்கும். ஜூனில் 23 பிள்ளைகளோடு வகுப்பைத் தொடங்கினோம். நவம்பரில் அந்தப் படிவத்தை ஏதோ போட்டிருக்கிறார், அதுவரைக்கும் சரி.

சிஎஸ்ஆர் 10 லட்சம் எங்கே என்று கேட்கத் தொடங்கினேன். முதலில் தேர்தல் நேரம் என்றார். அப்புறம் கம்பெனியில் மேனேஜர் மாறிவிட்டார். அப்புறம் அரையாண்டுக் கணக்கு. டிசம்பரில், "மாலை போட்டிருக்கேன் டீச்சர், இந்தக் கோலத்துல பொய் சொல்வேனா?" தை பிறந்து மாலையும் கழற்றியிருப்பார், பதில் இல்லை. பிப்ரவரியில் நேரில் போனால் வரவேற்பில் இருந்த பெண், "சார் சைட்ல இருக்காங்க" என்றாள். டிரஸ்ட் பதிவு செய்கிற ஆளுக்கு என்ன சைட்? உள்ளே அவர் குரல் கேட்டது. யாரிடமோ, "ஐயா டிரஸ்டுக்கு முதல் நன்கொடை என்னுதா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வார்த்தை பிசகாமல்! அங்கேயே கதவைத் திறந்துகொண்டு போயிருக்க வேண்டும். கால் வரவில்லை, இறங்கி வந்துவிட்டேன்.

விஷயம் வெடித்தது இந்த ஜூனில். சென்னையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் போன அக்டோபரில் 50,000 ரூபாய் கொடுத்திருந்தான். "டீச்சர், 10பிஇ சான்றிதழ் இன்னும் வரலையே, ரிட்டர்ன் போடணும்" என்றான். 10பிஇ என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது. விசாரித்தால், நன்கொடை விவரத்தை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் வருமான வரித் துறைக்குக் கொடுக்க வேண்டுமாம், கொடுத்தால்தான் நன்கொடையாளருக்குச் சான்றிதழ் வரும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். நான் அச்சடித்துக் கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டு அவனால் ஒன்றும் செய்ய முடியாது.

தம்பி ஒரு ஆடிட்டரிடம் கூட்டிப் போனான். அவர் டிரஸ்டின் வருமான வரிக் கணக்கைத் திறந்து பார்த்ததும் முதலில் கேட்டது, "இது யார் ஈமெயில், யார் நம்பர்?" இரண்டுமே அந்த ஆலோசனைக்காரருடையவை. ஆணையர் அலுவலகத்திலிருந்து மூன்று நோட்டீஸ் போயிருக்கிறது. செய்த பணிகளின் விவரம், வரவு செலவு, அறங்காவலர்களின் விவரம் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. வகுப்புப் படம், வருகைப் பதிவேடு, நோட்டு வாங்கிய பில் எல்லாம் என் பீரோவில் தேதிவாரியாக இருக்கிறது. கேட்டிருந்தால் அரை நாளில் கொடுத்திருப்பேன். நிரந்தரப் பதிவு நிராகரிப்பு, இருந்த தற்காலிகப் பதிவும் ரத்து. இதுதான் நேற்றுப் படித்த உத்தரவு.

பதில் வராதது மட்டும் காரணமில்லை. பத்திரத்தில் நோக்கங்கள் என்ற இடத்தில், கல்வி உதவி "மேற்படி சமுதாய மாணவ மாணவியருக்கு" என்று இருக்கிறதாம். எந்தச் சமுதாயம்? எங்கள் பத்திரத்தில் சாதிப் பெயரே கிடையாது. அந்த ஆலோசனைக்காரர் யாரோ ஒரு பழைய வாடிக்கையாளரின் சாதிச் சங்க டிரஸ்ட் பத்திரத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, அந்த ஒரு வரியை அழிக்க மறந்திருக்கிறார். ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தவருக்கோ என்று எழுதிய டிரஸ்டுக்கு 80ஜி கிடையாது. எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கடிதம் எழுதியவர் என் அப்பா. அவர் பெயரில் இருக்கும் பத்திரத்தில் இந்த வரி. 86,500 ரூபாய்கூடப் போகட்டும், இதை என்னால் பொறுக்க முடியவில்லை. டிரஸ்டைக் கலைக்க நேர்ந்தால் மீதிச் சொத்து இதே மாதிரி இன்னொரு அறப்பணிக்குத்தான் போக வேண்டும் என்ற பிரிவும் பத்திரத்தில் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டார்களா என்று கேட்டேன். அவர்கள் ஆவணத்தைப் பதிவு செய்பவர்கள், வருமான வரிச் சட்டத்துக்குத் தோதாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை என்றார் ஆடிட்டர். மகாராஷ்டிராவில் 1950-ஆம் வருஷத்துச் சட்டப்படி பொது டிரஸ்டுகளுக்கென்றே அறநிதி ஆணையர் இருக்கிறார். நம் ஊரில் எங்களைப் போன்ற சாதாரண டிரஸ்டுக்கு அப்படி ஒருவர் கிடையாது.

சரி, பத்திரத்தைத் திருத்திவிடலாம் என்றால், அறங்காவலர்கள் அனைவரும் ஒருமனதாகக் கையெழுத்திட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அனைவரும் என்றால் அந்த எம்.காம். பையனும்தான். அவன் அந்த வேலையை விட்டுப் போய் ஒரு வருஷமாகிறது, போன் அணைத்தே கிடக்கிறது. ஒரு அறங்காவலரை நீக்குவது எப்படி என்று பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் அனுமதி வாங்கி வழக்குப் போட வேண்டும் என்கிறார் வக்கீல். 23 பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுக்க நினைத்ததற்கு வழக்கு!

அந்த ஆளைக் கடைசியாகப் போனில் பிடித்தேன். "நோட்டீஸ் ஸ்பேம்ல போயிருக்கும் டீச்சர். புதுசா அப்ளை பண்ணிரலாம், ஒரு 25,000 மட்டும் ஆகும்." 86,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "சர்வீஸ் முடிச்சுட்டோமே, எதுக்குத் திருப்பணும்?" போலீசுக்குப் போனோம். ஜிபே குறிப்பைப் பார்த்துவிட்டு, "கைமாற்றுன்னு நீங்களே போட்டிருக்கீங்களேம்மா, இது கொடுக்கல் வாங்கல்" என்று அனுப்பிவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கப் போகிறேன். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வரி உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போக வேண்டும், அதற்கான கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாறு யோசனை சொல்கிறேன் என்றேன். இப்போது மனசில் நிற்பது இவ்வளவுதான். வருமான வரித் தளத்தில் உங்கள் ஈமெயில், உங்கள் நம்பர், பாஸ்வேர்ட் உங்கள் கையில். பத்திரத்தின் வரைவை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்துப் படியுங்கள். நோக்கங்கள், திருத்தம், அறங்காவலரை நீக்குவது, கலைப்பு, இந்த நான்கையும் விரலை வைத்துப் படியுங்கள். முகம் தெரியாத யாரையும் டிரஸ்டியாகச் சேர்க்காதீர்கள். சிஎஸ்ஆர் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். படத்தைக் கும்பிட்டாலும்தான்.

பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த எம்.காம். பையனின் விலாசம் இருக்கிறது, பாளையங்கோட்டைப் பக்கம். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் தம்பியும் நானும் போகிறோம். விலாசமாவது நிஜமா என்று பார்ப்போம்.